சென்சாருக்குச் சந்தனப் பொட்டு

விஜயதசமி, 2058. காலை 7.10
மன்னார் வளைகுடா, ஹைட்ரஜன் மிதவை மேடை. பணியில் நான் ஒருவன்: சுடலைமணி, வயது ஐம்பத்திரண்டு, தொப்பை தனிக்கணக்கு. கடல்நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துக் கப்பல்களுக்கு நிரப்புகிறோம். எரித்தால் தண்ணீர்தான் மிஞ்சும், அவ்வளவு சுத்தம். நேற்றைய ஆயுத பூஜையில் மிஞ்சியது: ஈ மொய்க்கும் பழத்தோல், நமுத்த பொரி, கடலில் மிதக்கும் காகிதக் கப். கசிவு: பூஜ்யம்.

7.45
தொட்டி அழுத்தம் இறங்குகிறது. கசிவு சென்சார்களோ பூஜ்யத்திலேயே நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். அடைத்துக் காய்ந்துவிட்டது. நேற்றே பார்த்தேன், வாய் நிறையச் சுண்டல் இருந்ததால் கேட்கவில்லை.

8.05
ஒன்றைச் சுரண்டினேன். அலறியது. வால்வு தானாக மூடப் பார்த்தது, முடியவில்லை. அதன் சக்கரத்தில் வாழைக்கன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கம்பியை வெட்டினால் பொறி பறக்கும். வாயு மேலே போய்விட வேண்டும் என்றுதான் இங்கே கூரையே கிடையாது. முதலாளிக்கு வெயில் படக்கூடாதென்று எங்கள் மேலாளர் தங்கப்பழம் பிளாஸ்டிக் பந்தல் போட்டார். வாயு மொத்தமும் அதற்கடியில். நிறமில்லை, மணமில்லை.

8.20. வானொலி
மறுபூஜைப் படகு கிளம்பிவிட்டது. தங்கப்பழம் அண்ணாச்சியும் ஊழியர் குடும்பங்களும் அதில்தான்.
"அண்ணாச்சி, படகத் திருப்புங்க. கேஸ் கசியுது. சூடம் கொளுத்துனா எல்லாரும் காலி."
"என்னவே சொல்லுதீரு? இங்க திரையில ஒண்ணத் தவிர எல்லாம் பூஜ்யந்தான காட்டுது?"
"மூக்குல சந்தனம் அப்பிக் கெடக்கு அண்ணாச்சி. ஒண்ணத் தொடச்சேன், கத்துது."
"மறுபூஜைக்கு முன்னால ஏன்வே தொட்டீரு? அதான் கத்துது. திருஷ்டி. பூசணிக்கா கொண்டாறேன், பொறும்."

8.50
உயிர்காப்புப் படகு கைக்கெட்டும் தூரத்தில். ஏறிப் போகலாம். ஆனால் மறுபூஜைப் படகில் வருகிறவர்களில் என் வீட்டுக்காரி செண்பகமும் ஒருத்தி, புதுப்பட்டில். பந்தல் கயிறுகளை அறுக்கிறேன். பொறி பறக்காத ஆயுதம்: நேற்று முதலாளி மகன் பிறந்தநாள் கேக் வெட்டிய பிளாஸ்டிக் கத்தி. இன்னும் க்ரீம் பிசுபிசுக்கிறது. த்தூ.

9.05
கை ஓயவில்லை, வாயால் சொல்கிறேன், கருவி எழுதிக்கொள்ளட்டும். ஒரு மூலை அறுந்தது. இன்னும் மூன்று. படகு ஒட்டிவிட்டது. ஸ்பீக்கரில் மேளம். போ, போ என்று கையை ஆட்டினேன். செண்பகம் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டுகிறாள். பூசணிக்காய் மேல் சூடம் வைத்தாயிற்று. பொரியைப் போலவே தீப்பெட்டியும் நமுத்திருக்கிறது. முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவது கயிறு பாதி. இரண்டாவது குச்சியும் பற்றவில்லை. அண்ணாச்சி மூன்றா