பத்துப் படம் போட்ட காகிதம்

சேசு மரி சூசை துணை

ஜோலார்பேட்டை
1934 அக்டோபர் 14

அன்புள்ள மகன் ராயப்பனுக்கு அம்மா சவுரியம்மாள் எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கண்டாலா மலையில் அப்பாவைப் போலவே கயிற்றில் தொங்கி வேலை செய்கிற உன்னை மாதா காக்கட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ எழுதி அனுப்பிய யோகாசனத்தால்தான் அப்பா உடம்பு கெட்டுப் பாறையிலிருந்து விழுந்தாரோ என்று பயந்து, நீயும் அதை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். மூன்று தரம் படித்தேன். அழுகை வரவில்லை, அவர் விழுந்த நாளிலிருந்தே வரவில்லை. சோறு பொங்குகிறேன், தண்ணீர் சேந்துகிறேன், எல்லாம் வேறு யாரோ செய்கிற மாதிரி இருக்கிறது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து எட்டு நாள் ஆகிறது. இடுப்புக் கயிறு பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பியது, பாறையில் மோதி இடது கால் எலும்பு முறிந்தது. கால் கிறிஸ்துமசுக்குள் கூடிவிடுமாம். வலது தோள்தான் தூக்க வரவில்லை. ரயில் பாதைக்கு மேலே கயிற்றில் தொங்கி, தளர்ந்த கல்லை நெம்பித் தள்ளுகிறவருக்குத் தோள் இல்லாவிட்டால் என்ன வேலை இருக்கிறது? மேஸ்திரி தை மாதம் வரை பார்க்கிறேன் என்றிருக்கிறார். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் தினம் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, பேஜார் ஆவாத சவுரி, ஜாஸ்தி நெனச்சா உன் ஒடம்புதான் கெடும் என்கிறாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. போன வருஷம் நீ பத்துப் படம் போட்ட அந்தக் காகிதத்தை அனுப்பினபோது அப்பாவுக்குத் தோள் இறுகி, தலைகூட நான்தான் வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் எழுத்து தெரியாதே, விடியற்காலையில் நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன், அவர் குனிவார், நிமிர்வார், காலைப் பின்னால் நீட்டுவார். நாலு மாதத்தில் தன் தலையைத் தானே வாரினார். பாறை ஏறி வந்த ராத்திரி இடுப்புப் பிடிக்கிறதென்று முனகுவது நின்றது. பூசையில் முழங்கால் போட்டுவிட்டுப் பெஞ்சைப் பிடிக்காமல் எழுந்தார். எல்லாம் என் கண்ணால் பார்த்தது. ஆனால் காகிதத்தின் மேலே நீ சூரியனை வரைந்திருந்தாய். அப்பா கிழக்கே பார்த்துக் கை கூப்பி நிற்கும்போது உதடு அசையும். சூரியன் பேரைத்தான் சொல்கிறார், நம் கிறிஸ்து வேதத்தை விட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வாய் இருந்தது, கேட்கவில்லை. பங்குச் சாமியார் யாரும் சொல்லவில்லை, என் புத்திதான். தவக்காலம் தொடங்கும் விபூதித் திருநாளுக்கு முந்தின நாள் காகிதத்தை அடுப்பில் வைத்துவிட்டு, கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். நாலு நாள் தானாகச் செய்து பார்த்தார். நீ படிச்சாதான் எனக்கு வரும் என்று விட்டுவிட்டார். ஆடியில் சீப்பை எடுத்துக்கொண்டு பழையபடி என்னிடம் வந்தார். வாரிவிட்டேன். ஆவணிக் கடைசியில் விழுந்தார். மேல் விளிம்பப் புடிக்கக் கை ஏறல, அவ்ளோதான் என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை கண்ணை மூடிப் படுத்தபடி அந்தக் கையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். நாம் செபமாலையில் சொல்கிற மரியாயின் மந்திரம்தான், ராயப்பா. பாதி சொல்லும்போது மூச்சை இழுக்கிறார், மீதிக்கு விடுகிறார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். மொதல்லேர்ந்தே இப்படித்தான், மூச்சுக்கு ஒரு அளவு வேணாமா, எனக்குத் தெரிஞ்சது இன்னா இருக்குது, அது ஒண்ணுதானே என்றார். எழுந்து போய் அடுப்பெதிரில் உட்கார்ந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

உன் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ மறுபடி எழுதி அனுப்பு. படுத்தபடி தோளுக்குச் செய்யக்கூடியது எது என்று உனக்குக் கற்றுக்கொடுத்த அந்த மராட்டியக்காரரைக் கேட்டு அதையும் சேர்த்து எழுது, டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யச் சொல்கிறேன். காகிதம் வந்த அன்று முதல் வரி படிப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் திட்டினால் திட்டட்டும். சீப்பை அவர் வலது கைப் பக்கம் வைத்திருக்கிறேன்.

சர்வேசுரன் உன் கையையும் காலையும் காக்கட்டும். இதைப் படித்த மறுநாள் காலை கயிறு கட்டுமுன் செய்ய வேண்டியதைச் செய், விடாதே. மறக்காமல் சூரியனையும் முன்போலவே மேலே வரைந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. சவுரியம்மாள்