ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததுமே பன்னிரண்டாம் கட்டில்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வார்டில் எல்லோருக்கும் எச்.எம். சர்க்கரை ஏறி, பாதத்தில் புண்ணோடு வந்து ஆறு நாள் ஆகிறது. நாளுக்கு மூன்று இன்சுலின் ஊசி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் பெயர் கேட்பேன், பிறந்த தேதி கேட்பேன், கைப்பட்டையைப் பார்ப்பேன். பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் இப்படித்தான்.

"நேத்து சொன்ன அதே பேர்தான் சிஸ்டர். இன்னும் மாத்திக்கலை" என்றார்.

"தேதி சார்?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஜனவரி ஒன்று.

முப்பத்து நான்கு வருடம் அதே பிள்ளைகளின் பெயரைத் தினமும் வாசித்து வருகை போட்டவர் இவர். சொல்லத்தான் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

பக்கத்துக் கட்டிலில் புது ஆள். பதின்மூன்று. நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு வந்திருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் கேட்டேன். சொன்னார். எச்.எம்.மின் பெயரேதான். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் அதேதான். சரி, உலகத்தில் நடக்காததா. பிறந்த தேதி கேட்டேன்.

ஜனவரி ஒன்று. அதே வருடம்.

கைப்பட்டையை இரண்டு தடவை வாசித்தேன். "உண்மையான தேதி யாருக்கும்மா தெரியும்? பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் பாத்துப் போட்டது" என்றார் கண்டக்டர்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எச்.எம்.மின் குரல் வந்தது. தன்னுடைய தேதியும் அப்படிப் போட்டதுதானாம். அதோடு விட்டாரா? தானும் முப்பத்து நான்கு வருடம் தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜனவரி ஒன்றுதான் போட்டாராம். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம் என்றார், பெருமையாக. எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். ஆயிரம் இருக்கும் என்றார்.

மருத்துவமனை எண் மட்டும்தான் வேறு. அதுவும் கடைசி இரண்டு இலக்கம். இரண்டு கோப்பிலும் சிவப்பு மையில் "ஒரே பெயர், கவனம்" என்று எழுதினேன். கோப்பு அழகாக இருக்க வேண்டுமென்று யாரோ அதன் மேல் புது அட்டை போட்டுவிட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி

எச்.எம். என் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கம், ஓரக்கோடு போட்டு, பிழையில்லாமல். "ஒன்பது நாள் ஆகியும் என் பெயரை நினைவில் வைக்க இயலாதவரிடம் என் உயிரை எவ்வாறு ஒப்படைப்பது?" மேட்ரன் அதை எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல தமிழ்.

கைப்பட்டையையும் கத்தரித்துப் போட்டிருக்கிறார். கைதி மாதிரி இருக்கிறதாம். புதிதாகக் கட்டினேன். மத்தியானத்துக்குள் அதையும் கத்தரித்துவிட்டார்.

மார்ச் 7, சனி

வீட்டில் அத்தைக்குத் தைராய்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, பழக்கதோஷம், "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். அத்தை ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு சமையலறையிலிருந்து தன் மகனைக் கூப்பிட்டார்: "இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு உன் பொண்டாட்டி நான் யாருன்னு கேக்குறா. வந்து சொல்லு."

மார்ச் 9, திங்கள்

நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்: "நோயாளிகளிடம் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டு அவர்களது மனத்தைப் புண்படுத்தலாகாது. ஊழியர்கள் நோயாளிகளைப் பெயர் சொல்லிப் புன்னகையுடன் அழைக்க வேண்டும்."

மேட்ரனிடம் போய்ச் சண்டை போட்டேன். சரியான ஆள்தானா என்று தெரியாமல் எப்படி மருந்து கொடுப்பது? அவருக்கும் தெரியும், அவரும் வார்டில் ஊசி போட்டு மேலே வந்தவர்தான். மேலாளரிடம் பேசிப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எச்.எம்.முக்குத் தெரியாம கேளு" என்றார்.

அவருக்குத் தெரியாமல் அவரிடமே எப்படிக் கேட்பது?

மார்ச் 10, செவ்வாய்

எச்.எம்.மிடம், "உங்க கையெழுத்து அழகா இருக்குமாமே சார், பேரை எழுதிக் காட்டுங்களேன்" என்றேன். எழுதினார். தேதியும் போடச் சொன்னேன். இன்றைய தேதியைப் போட்டார்.

மார்ச் 12, வியாழன்

  நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலை ஏழே கால். எச்.எம்.முக்குப் பதினான்கு யூனிட் இன்சுலின். இளைய சிஸ்டரும் நானும் சேர்ந்து சரிபார்த்தோம். மருந்து சரி, அளவு சரி, நேரம் சரி, போடும் இடம் சரி. அதோடு அவள் வேறு வேலையாகப் போய்விட்டாள். நான் தட்டோடு பன்னிரண்டுக்குப் போனேன். ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்காமலிருக்கத் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. அந்த முகத்தைப் பார்க்க வேண்டாமே, அந்த வாயைக் கேட்க வேண்டாமே என்று நிம்மதி. புன்னகையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சுற்றறிக்கையில் இருந்தபடியே. துண்டுக்குள்ளிருந்து "ம்" என்று பதில் வந்தது. சட்டையை விலக்கி வயிற்றில் போட்டேன்.

"கையில ஏத்துறது போதாதுன்னு இப்ப வயித்துலயுமாம்மா?"

துண்டு விலகியது. கண்டக்டர்.

பதின்மூன்றாம் கட்டிலில் செய்தித்தாள் இறங்கியது. எச்.எம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எனக்கு எப்போ?" என்று கேட்டார்.

நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் கட்டிலை மாற்றிக்கொண்டார்களாம். எச்.எம்.முக்கு ஜன்னல் வெளிச்சம் ஆகாது. கண்டக்டருக்கு முப்பது வருடம் ஜன்னல் சீட்டை அடுத்தவர்களுக்கே விட்டுக் கொடுத்த ஏக்கம். இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

சர்க்கரை வியாதியே இல்லாத மனுஷன். எழுபத்தொரு வயசு. பதினாலு யூனிட். உள்ளே போனதை உறிஞ்சி எடுக்கவா முடியும்?

இளையவள் ஓடி வந்தாள், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அக்கா, சர்க்கரைத் தண்ணி குடுத்துடலாம். சரியாயிடும். யாருக்கும் தெரிய வேணாம்" என்று காதோடு சொன்னாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஒரு மூச்சு விடும் நேரம், பொய் சொல்வானேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இன்சுலின் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முழு வேகத்தில் இறங்கும். அப்போது காரணம் தெரியாத யாரோ ஒருவர் இவர் பக்கத்தில் நின்றால்?

டாக்டரைக் கூப்பிட்டேன். சர்க்கரைத் தண்ணீர், பிஸ்கட், பிறகு உடனே சிற்றுண்டி. கால் மணிக்கு ஒரு தரம் விரலில் குத்திப் பார்த்தோம். 104. 88. 71. ஒன்பதரைக்கு 56. வியர்த்துக் கொட்டியது அவருக்கு. வாய் குழறியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். நான் அவர் கையை விடவேயில்லை. பதினொன்றே காலுக்கு 97.

இவ்வளவுக்கும் நடுவில் எச்.எம். மேட்ரனைக் கூப்பிட்டு, தனக்கு ஊசி தாமதமாவதாகவும், பதின்மூன்றாம் எண் நோயாளிக்கு மட்டும் பிஸ்கட் வழங்கப்படுவதாகவும் வாய்மொழியாகப் புகார் செய்தார். பதின்மூன்றாம் எண் கட்டிலில் படுத்திருந்தவர் அவரேதான்.

மார்ச் 13, வெள்ளி

கண்டக்டரிடம் நானே சொன்னேன். அடுத்தவர் மருந்தை உங்களுக்குப் போட்டுவிட்டேன், என் தவறு, அதனால்தான் நேற்று அப்படி ஆயிற்று. 

"தப்பான பஸ்ல ஏத்திட்டீங்க. நீங்களே இறக்கியும் விட்டுட்டீங்க. போகட்டும்மா" என்றார்.

அவர் மகள் விடவில்லை. "எங்கப்பா செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.  

சம்பவப் படிவம் எழுதிக் கொடுத்தேன். "காரணம்" என்ற கட்டத்தில் சுற்றறிக்கை என்று எழுதினேன். பிறகு அடித்தேன். பெயர் கேட்காதே என்றுதானே அது சொன்னது? பட்டையைப் பார்க்காதே என்று சொல்லவில்லையே. துண்டை விலக்காதே என்று சொல்லவில்லையே. கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் சுற்றறிக்கையின் எண்ணையும் எழுதினேன். இரண்டும் உண்மை.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரர், "வேலை போயிடுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். துணிகளை மடித்து வைத்தார். என் சீருடையையும்.

மார்ச் 18, புதன்

விசாரணை. மேலாளர், மேட்ரன், பெரிய டாக்டர். முதலில் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார் மேலாளர். பதினெட்டு வருடமாக என் சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர். சொன்னேன்.

பாதிக்கப்பட்டவரை அழைத்து வரச் சொன்னார். சக்கர நாற்காலியில் வந்து இறங்கியவர் எச்.எம்.

நான் எழுந்து, "சார், இவர் இல்லை" என்றேன். கேட்டால் மட்டும் பேசச் சொன்னார் மேலாளர். பிறகு எச்.எம்.மின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவர் உயிர் பிழைத்தது நிர்வாகத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நெடுநேரம் பேசினார். எச்.எம். கையை உருவிக்கொண்டு, தனக்கு யாரும் தவறான ஊசி போடவில்லை என்றார். மேலாளர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

"உங்க பேர் இதுதானே?" என்று கோப்பைப் பார்த்து வாசித்தார்.

"ஆமா."

"பிறந்தது ஜனவரி ஒண்ணு?"

"ஆமா. ஆனா..."

"அப்ப நீங்கதான் சார். பதட்டப்படாதீங்க. அந்த அதிர்ச்சியில சிலருக்கு ஞாபகம் தப்பும்."

 தான் தானில்லை என்று நிரூபிக்க எச்.எம்.மிடம் ஒன்றுமே இல்லை. கைப்பட்டைகூட இல்லை. அதைத்தான் கத்தரித்துவிட்டாரே. வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய டாக்டர் இருமுவதுபோல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மேலாளர், இவருக்கு இன்னொரு தரம் குளுக்கோஸ் ஏற்றினால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். சர்க்கரை வியாதிக்காரருக்கு!

அப்போதுதான் எச்.எம். என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கோபமில்லாமல். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"என் பேர் என்னன்னு நீங்க கேக்கவே இல்லை. நீங்களே சொல்லி, என்னை ஆமா போட வச்சீங்க. பதிலைக் கேள்விக்குள்ளயே வச்சா எந்தப் பையனும் பாஸ்தான். இந்தம்மா அப்படிக் கேட்டதில்லை. அவங்க கேட்டதுதான் கேள்வி. நான் எழுதிக் குடுத்தது தப்பு."



மார்ச் 20, வெள்ளி

தீர்ப்பு வந்தது. எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. மூன்று வாரம் மருந்து வண்டியைத் தொடக் கூடாது. பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். சுற்றறிக்கை ரத்து. ஒரே பெயர்க்காரர்களை இனி அடுத்தடுத்துப் படுக்க வைக்கக் கூடாது.

நியாயம்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். நியாயமாயிருந்தால் அழுகை வரக் கூடாதா என்ன?

மார்ச் 23, திங்கள்

எச்.எம். வீட்டுக்குப் போனார். போகும்வரை வார்டுக்கே வகுப்பு எடுத்திருக்கிறார்: பெயர் கேட்காமல் நீட்டும் மாத்திரைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காலையில் துடைப்பத்தோடு வந்த அம்மாவிடம்கூட ஐந்து பேர் பெயரும் பிறந்த தேதியும் ஒப்பித்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் ஜனவரி ஒன்று.

கண்டக்டர் நேற்றே போய்விட்டார். மகள் என்னிடம் பேசவில்லை. வாசல்வரை போனவள், திரும்பி வந்து, வீட்டில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளின் சீட்டை நீட்டினாள். எதை எப்போது, எதற்காகத் தருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

மறுபடி வண்டி. பதினாறு பேருக்கு மருந்து கொடுக்க வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் அதிகமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மே 7, வியாழன்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இளையவள் வந்து எதிரே நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஏழாம் கட்டில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை ரெண்டு தடவை குடுத்துட்டேன். குடுத்ததைக் குறிக்க மறந்துட்டு மறுபடி குடுத்துட்டேன். யாரும் பாக்கலை."

நான் எழப் போனேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அந்த அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை பிரஷர் பாக்குறோம், இதுவரைக்கும் நல்லா இருக்காங்க. இப்ப படிவம் எழுதணும்க்கா. பக்கத்துல உக்காருங்க, அது போதும்."

டப்பாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.