மறுத்தது கழுத்து, தேவியார் அல்லர்

முகில் தங்கும் ஏழு குன்றுகளுக்கு உரியவரும், நான்கு அருவிகளின் ஓசையையே முரசாகக் கொண்டவருமான பெருந்தேவி முகில்நாச்சியார் திருவுளப்படி, தாழைக்கோட்டத்துத் தலைவர் ஆதன்மருதர் காண எழுதிய ஓலை. தங்கள் கடல் கரைக்குள் நிற்பதாகுக. தங்கள் பாத்திகளில் உப்பு வெண்மையாக விளைவதாகுக. குடிகள் யாவரும் நலம் பெறுவாராக.

ஓலையைப் பிரித்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தாழைமேட்டில் உள்ள பன்னிரண்டு குடிசைகளில் ஒரு கீற்றையும் எவரும் தொடலாகாது. காரணத்தைப் பிறகு படிக்கலாம்.

தாம் குடியிருந்த கரையைக் கடல் தின்றுவிட்டதால் அரச நிலமாகிய தாழைமேட்டில் குடிசை போட்டுக்கொண்ட பன்னிரண்டு குடும்பத்தார், அங்கேயே இருக்க இசைவு வேண்டி, காயாம்பூ என்னும் பெண்ணை முன்னிட்டு மன்றத்துக்கு வந்தனர். அவர்களுடைய விண்ணப்பத்தோடு கடற்கரைக் கணக்கோலைகளையும் தேவியார் தாமே படிக்க விரும்பி, மூன்று பகல் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். நான்காம் பகல் மன்றம் ஏறியபோது, கழுத்தின் இடப்புறத்தில் நரம்பை யாரோ சுண்டியது போலிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் அமர்ந்துவிட்டார்.

மன்றத்தில் ஆள்பவர் குரல் எழலாகாது என்பது இந்நாட்டு மரபு. தலை முன்னே தாழ்ந்தால் இசைவு. பக்கவாட்டில் திரும்பினால் மறுப்பு. தலையால் தந்த தீர்ப்பை அதே மன்றத்தில் தலையால்தான் மாற்றலாம். காயாம்பூ பேசி முடித்ததும் தேவியார் தலையைத் தாழ்த்தப் போனார். பிடிப்பு இழுத்தது, தலை வலப்புறம் வெட்டித் திரும்பியது. தவறு நேர்ந்ததை உணர்ந்து மீண்டும் தாழ்த்த முயன்றார், மீண்டும் திரும்பியது. மூன்றாம் முறையும் அவ்வாறே. இத்தனை அழுத்தமான மறுப்பை இதுவரை கண்டதில்லை என்று அவையோர் தமக்குள் வியந்தனர்.

காயாம்பூ அழவில்லை. தரையைத் தொட்டு, "சரி தாயே, நீங்க என்ன செய்வீங்க, உங்களுக்கும் ஆயிரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஊர் சேர்ந்த மறுநாளே குடிசைகளைப் பிரிக்க வேண்டும் என்ற ஓலையை அவையோர் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினர். கால்நடையாகத் தங்கள் கோட்டம் பதினொரு நாள். குதிரைக்கு நான்கு நாள். ஆகவே அன்று தொட்டு ஏழாம் நாளுக்குள் தேவியாரின் தலை தாழ்ந்தாக வேண்டும்.

அன்று மாலை வெந்நீர்ச்சாலைக் கண்காணி மாதேவனார் மணலை வறுத்து, பொறுக்கும் சூட்டுக்கும் மேலான சூட்டில் ஒத்தடம் கொடுத்தார். கண நேரம் இதமாக இருந்தது. விடிந்தபோது கழுத்து வீங்கி, தொட்டால் கொதித்தது. அவர் மறுபடி மணல் வறுக்கச் சொன்னபோது, சுனைநீர் கொண்டுவந்த வேம்பி குடத்தை இறக்காமலே தடுத்தாள். குடம் சுமக்கிறவளுக்குக் கழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மாதேவனார் கேட்டார். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுக என்பது தேவியாரின் ஆணை: "குடம் சுமக்கிறவளுக்குத் தெரியாம, உட்கார்ந்து விசிறிக்கிறவருக்கா தெரியும்? புதுசாப் புடிச்ச சுளுக்கு ஐயா. வீக்கம் வத்துற வரைக்கும் குளிர்ச்சி. அப்புறம் உம்ம சூட்டைக் கொண்டாரும், நானே அடுப்பு ஊதுறேன்."

இரண்டு நாள் குளிர்ச்சி. சுனைநீரில் நனைத்துப் பிழிந்த துணியை, தோல் மரத்துப்போகாதபடி மெல்லிய துணியொன்றின் மேல் சுற்றி, அரை நாழிகை வைத்து எடுப்பாள். கழுத்து ஓய்ந்தபின் மறுபடி வைப்பாள். அப்பொழுதுகளில் தேவியார் விழிப்பும் உறக்கமும் இல்லாத ஓரிடத்தில் இருந்தார். சாளரம் வழியே முகில் உள்ளே வந்து கட்டிலின் கால்களை மறைத்தது. முகிலுக்குள் பன்னிரண்டு குடும்பங்கள் நடந்துகொண்டிருந்தன. தலைச்சுமையோடு, ஒருவர் பின் ஒருவராக, ஓசையே இல்லாமல். அவர் அழைக்க வாய் திறப்பார். வாயிலிருந்து சுனைநீர்தான் வரும். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை பேரின் தலையும் இல்லை, இல்லை என்று அசையும். கண் விழித்தால் முதல் கேள்வி, அவர்கள் இப்போது எதுவரை போயிருப்பார்கள் என்பதே.

நான்காம் நாள் வீக்கம் வற்றியது. கல்லுப்பையும் தவிட்டையும் வறுத்து மூட்டையாகக் கட்டி, தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தபின்பே வேம்பி ஒத்தடம் கொடுத்தாள். அடுப்பை ஊதியவர் மாதேவனார். சூடு இறங்க இறங்கத் தோள் முதல் நடுமுதுகு வரை இறுகியிருந்தது வெண்ணெய் போல் இளகியதாகத் தேவியார் சொன்னார். தலையைத் தாழ்த்தினால் மோவாய்க்கும் மார்புக்கும் இடையே அன்று ஏழு விரல். ஐந்தாம் நாள் ஐந்து. ஆறாம் நாள் மூன்று. நோவைத் தணித்தது குளிர்ச்சியா, சூடா, கடந்த நாட்களா என்று உறுதியாக எழுத ஓலை எழுதுவோனுக்குத் துணிவில்லை. முதல் நாள் சூடு நோவை மிகுத்தது என்பதை மட்டும் கண்ணால் கண்டதால் எழுதலாம்.

ஏழாம் நாள் காலை தேவியார் மன்றம் ஏறினார். விண்ணப்பம் மீண்டும் படிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையை நோக்கித் தேவியார் தலையைத் தாழ்த்தினார், பாதியில் நின்றது, கண்களில் நீர் திரண்டது, பின்னும் தாழ்ந்தது. இசைவு என்று அவையோர் உரைத்தனர். அத்தோடு எழவேண்டியவர் எழவில்லை. அம்மன்றம் என்றுமே கேட்டிராத குரலில், "போகாதீங்க, இருங்க" என்றார். அவையோர் ஒருவரை ஒருவர் பார்த்தனர்.

ஆகவே தாங்கள் செய்யக் கடவது: அக்குடும்பத்தார் ஊர் எல்லையை மிதிக்கும்போது தாங்களே எதிர்சென்று, தாழைமேடு அவர்களுடையது என்று முதலில் வாயால் சொல்லவேண்டும். அவர்கள் கொண்டுவரும் மறுப்போலையைக் கடலில் இடவேண்டும். பதினொரு நாள் தலைச்சுமையோடு நடந்தவர்களின் கழுத்தும் முதுகும் எந்நிலையில் இருக்கும் என்பதைத் தேவியார் இப்போது அறிவார். புதிதாக வீங்கிய இடத்துக்குக் குளிர்ச்சியும், நாள்பட்டு இறுகிய இடத்துக்கு உப்பும் தவிடும் கொண்ட இளஞ்சூடும் கொடுக்க ஆள் நிறுத்தவேண்டும். மரத்துப்போன கை கால் உடையவர் எவரேனும் இருந்தால் ஒத்தடத்தோடு விடாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

இன்று தொட்டு இந்நாட்டு மன்றங்கள் அனைத்துக்கும், தங்கள் மன்றத்துக்கும், ஆணை இது: ஆம் என்பதற்குத் தலையசைவு போதும். இல்லை என்பவர் அதைத் தம் வாயால், கேட்பவர் முகம் பார்த்துச் சொல்லக் கடவர்.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் முகில் முத்திரை இடப்பட்டது. சொல் தேவியாருடையது, பிழை இருப்பின் எழுதிய கையினுடையது. குதிரை வாயிலில் நிற்கிறது.