வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

டுரியான் துங்கால்,
18.6.1996

அன்பு மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, சண்டாக்கானில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தங்கச்சி ஷாந்தினிக்கு நீ சொன்ன சம்பந்தம் விஷயமாக ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துவுக்குப் போய் உன் நண்பன் பரமேஸ்வரன் வீட்டைப் பார்த்து வந்தோம். அப்பாவுக்கு முழுத் திருப்தி. குடி இல்லை, படிப்பு இருக்கிறது, தாமான் குடியிருப்பில் சொந்த வீடு, பெண்டாட்டியை அடிப்பதெல்லாம் தோட்டத்துக் குடிகாரர்கள் செய்கிற வேலை என்கிறார். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து காலேஜுக்குப் போனவள்தான். லயத்தில் ஒரு அடி விழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும், யாராவது ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். தாமானில் கிரில்லைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்.

வழக்கம்போலப் பெண்கள் நாங்கள் அடுப்படி பார்க்க உள்ளே போனோம். பரமேஸ்வரனின் அண்ணன் மனைவி தேவமலர் அங்கே இருந்தாள். நம் ஷாந்தினி வயதுதான், படிப்பை நிறுத்திச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். எதைக் கேட்டாலும் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில். உம்பாயில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போவதுண்டா என்றேன், கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினாள். அவள் படுக்கையறைக் கதவில் வெளிப்பக்கமாகப் புதுத் தாழ்ப்பாள். அந்த வீட்டில் குழந்தைகள்கூடக் கிடையாது. எதற்கு என்று கேட்டதற்கு, அண்ணிக்கு மறதி ஜாஸ்திலா ஆன்ட்டி, அடுப்ப எரியவிட்டுட்டு எங்கயாச்சும் போயிடுவாங்க, அதான் அண்ணன் ஒரு சேஃப்டிக்குப் போட்டாரு என்று பரமேஸ்வரன் சிரித்தான். எனக்குச் சீனி வேண்டாம் என்று வாசலில் ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அவள் கொண்டுவந்த தேநீரில் என்னுடையது மட்டும் சீனியில்லாமல் இருந்தது. அவளா மறதிக்காரி? பரமேஸ்வரனைவிட நம் பெண்ணுக்குச் சம்பளம் அதிகம், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுடு என்று இப்போதே சொல்கிறானாம். இவள் அதை அன்பு என்று நினைக்கிறாள்.

நீ அவனோடு கோலாலம்பூரில் ஒரே அறையில் தங்கியவன், அந்த வீட்டில் பலமுறை சாப்பிட்டவன். தேவமலர் என்று ஒருத்தி இருப்பதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? நீ கவனிக்கவில்லையா, கவனித்தும் அது உனக்குச் சாதாரணமாகத் தெரிந்ததா? எனக்கு உன்மேலும் சந்தேகம் வருகிறது, மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆடி பிறப்பதற்குள் பரிசம் போட வேண்டுமாம். கவி வேண்டாமென்றால் நிறுத்துகிறேன் என்கிறார் அப்பா, என் பேச்சு எடுபடவில்லை. கடிதம் கிடைத்ததும் அவருக்கு போன் செய். அவனுக்கு நண்பனாகப் பேசாதே, தங்கச்சிக்கு அண்ணனாகப் பேசு. நீ எதைச் சொன்னாலும் சனிக்கிழமை ஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு தேவமலரின் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். மகளை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று நான் கேட்பதை இவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. எல்லா நன்மையும் உனக்குச் சேரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா சுசீலா