படகில் வேறு செய்தி இல்லை

மார்ச் 11, இரவு. நடுக்கடல்.

கோவளத்திலிருந்து ஸ்டெல்லாவின் செய்தி வந்தது. கட்டிய புருஷன் சாப்பிட்டானா என்று ஒரு வார்த்தை இல்லை. "பிரகாஷ் இன்னிக்கு இன்னா பண்ணாரு?" என்றுதான் கேட்டிருக்கிறாள்.

நானே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். காற்று விழுந்து பாய்மரப்படகு நின்ற இடத்திலேயே ஆடுகிறது. இருப்பது நானும் பயணத்துக்குக் கூட வந்த பிரகாஷும்தான். தினமும் சாட்டிலைட் போனில் அவளுக்கு எழுத, இந்தக் கூடுவாஞ்சேரி ஐடிக்காரனின் கூத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? வாந்தி எடுத்துக்கொண்டே பாடினான், சப்பாத்தியைத் தூண்டிலில் மாட்டி மீன் பிடித்தான் என்று நான்தான் எழுதினேன்.

"வூட்ல இன்னா சொல்றாங்க அண்ணாத்த?" என்றான் பிரகாஷ்.

"ஒண்ணுமில்ல."

இன்று என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "நல்லா கீறேன்" என்பதற்கு மேல் ஓடவில்லை. கடைசியில், "பிரகாஷுக்கு ஜுரம், படுத்துகினு கீறான்" என்று அனுப்பிவிட்டேன். மேல்தளத்தில் அவன் பாடிக்கொண்டிருந்தான்.

உடனே பதில் வந்தது.

"ஐயோ பாவம். கஞ்சி வெச்சுக் குடு."