றொபேட் பாடாத கடைசிச் சரணம்

என் அருமைப் பாட்டுக்கார அண்ணைக்கு,

உங்கள் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். மன்னிப்பைப் பற்றிச் சுவாமி நல்ல பிரசங்கம் வைத்தார். எனக்கு ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. முன்வரிசை வாங்கில் உங்கள் சிநேகிதன் றொபேட் இருந்தான்.

அமெரிக்காவிலிருந்து கோயில் பெருநாளுக்கு வந்திருக்கிறான். எங்கள் குருநகர் முழுக்கச் சுவரொட்டி. 'பாடல்களை எழுதிப் பாடுபவர்' என்று அவனுடைய படம். எழுதியது யார், அண்ணை? கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டே, பெருநாள் மேடைக்குச் சனத்தைச் சிரிக்கவைக்கும் பகிடிப் பாட்டுக் கட்டியது நீங்கள். நியூ ஜெர்சிக்குப் போய்ப் பெற்றோல் நிலையத்தில் நின்றபடி, அங்குள்ள தமிழரின் கலியாண வீடுகளெல்லாம் பாடும் பாட்டுகளை எழுதியதும் நீங்கள். அவனுக்குக் குரல் இருந்தது, உங்களுக்குக் கூச்சம் இருந்தது. நீங்கள் கண்ணை மூடியதும் எல்லாப் பாட்டுக்கும் தன் பெயரைப் போட்டுவிட்டான். நீங்கள் இருக்கும்போது ஏன் ஒருநாளாவது உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை?

மேடையும் லைற்றும் அவனுடைய உபயம். அதனால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரவு உங்கள் நண்டுக்கறிப் பாட்டைப் பாடினான். அதன் கடைசிச் சரணத்தை வருடா வருடம் புதிதாகக் கட்டுவீர்களே. "என்னடி புதினம்?" என்று ரெலிபோனில் என்னிடம் ஊர்ச்செய்தி கேட்டு, அதை வைத்துக் கட்டி அனுப்புவீர்கள். இவன் அந்தச் சரணமே இல்லாமல் பாட்டை முடித்துக் கும்பிட்டான். நான் எழும்பினேன்.

"றொபேட் அண்ணை, இந்த வருசத்துப் புதினம் எங்கை? நீங்கள்தானே எழுதினனீங்கள், பாடுங்கோ."

"ஓம், பாடுங்கோ" என்று சனமும் சேர்ந்துகொண்டது.

"தொண்டை கட்டிப்போச்சுத் தங்கச்சி."

"அப்ப சொல்லுங்கோ. நான் பாடுறன்."

அவன் சோடாப் போத்திலை எடுத்தான். நான் மேடையில் ஏறி மைக்கை வாங்கினேன்.

"செத்தவன் பாட்டைத் தன்ரை பாட்டெண்டு
சொன்னவர் வந்து நிக்கிறார்
சுத்தி நிண்ட சனம் மிச்சம் கேக்கச்
சோடாப் போத்தில் குடிக்கிறார்."

சனம் விடவில்லை, திரும்பத் திரும்பப் பாட வைத்தது. எனக்கு நல்ல சந்தோசம், அண்ணை. அது பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

பிறகு றொபேட் மேடைக்குப் பின்னால் வந்து, "எனக்கு இப்பிடி ஒரு அவமானம் தேவையோ? ஆரும் கேட்டால் உன்ரை அண்ணனும் உதவி செய்தவர் எண்டு சொல்லுறன்" என்றான்.

"உதவியோ?" என்றேன். திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணை, 'எழுதினது அவர்தான்' என்று அவன் வாயாலேயே மைக்கில் சொல்லும்வரை, ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன்மேல் ஒரு சரணம் கட்டுவேன். சொல்லாமலே செத்தானென்றால், செத்தவீட்டுக்கும் போய்ப் பாடுவேன்.

இனிமேல் புதினத்தைத் தானே பாட்டாகக் கட்டப்போகும்
உங்கள் தங்கச்சி ஜெசிந்தா