வகுப்பறைச் சிரிப்பு

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

நேற்று உன் அண்ணன் போன் செய்தார். ஏதோ பற்பசை விளம்பரம் ஓடும்போது டிவி வயரையே பிடுங்கிவிட்டாயாம். "எங்க போனாலும் துரத்துதே, அந்தச் சிரிப்பை அழிக்கச் சொல்லுண்ணா" என்று அழுதாயாம்.

அந்தச் சிரிப்பை நான் ஒரு டிவி நாடகத்துக்காகப் பதிவு செய்தேன்; பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாலு பிள்ளைகளைப் பற்றிய நாடகம் அது. திக்கிப் பேசும் பையனைப் பார்த்து வகுப்பே சிரிக்க வேண்டும். ஆள் போதவில்லை என்று நம் மகளையும் ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளினேன். பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தினமும் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பெண். வெளியே வந்தவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இன்னைக்குத்தான்ப்பா நான் சிரிக்கிற கூட்டத்துல இருந்தேன்" என்றாள்.

நாடகத்தைச் சீந்த ஆளில்லை, பாதியிலேயே தூக்கிவிட்டார்கள். சிரிப்பு மட்டும் எங்கள் ஸ்டூடியோ கணினியில் தங்கிவிட்டது. கூட்டம் சிரிக்கிற இடமென்றால் அதையே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அவள் உயிரோடு இருந்தவரை நான் அதைக் கண்டுகொண்டதில்லை. இப்போது பேருந்தில், முடிவெட்டும் கடையில், எங்கே கேட்டாலும் அத்தனை குரலிலும் அவள் குரல் தனியாகத் தெரிகிறது.

அவள் அறைக் கதவு நீ சாத்திவிட்டுப் போனபடியேதான் இருக்கிறது.

நீ சொன்னபடி இன்று அழிக்க உட்கார்ந்தேன். நாடகத்துக்கு வேண்டாமென்று நான் வெட்டி வைத்த கடைசித் துண்டும் அதோடு இருக்கிறது. எல்லோரும் அடங்கிய பிறகு, அவள் மட்டும் மைக்கிடம் வந்து கேட்கிறாள்: "போதுமாப்பா? இன்னும் கொஞ்சம் சிரிக்கவா?"

என்ன பதில் சொல்லட்டும்? நீயே வந்து சொல்.

அவளுடைய அப்பா